கைப்பேசி மதர்போர்டின் நோயும் அதன் சிகிச்சையும்

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தியனுக்கு ஒரு முறை வகுத்துள்ளார். வந்த நோய் இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும். அது தோன்றிய காரணத்தைப் பின்னர்த் தேடல் வேண்டும். தணிக்கும் வழியை அதன்பின் ஆராய்தல் வேண்டும். இம்மூன்றும் முடிந்த பின்னரே வழுவாமற் சிகிச்சை செய்தல் வேண்டும் என்பது அம்முறை. நோயறியாமுன் மருந்து ஊற்றும் வைத்தியனை நாம் எல்லோரும் அஞ்சுகின்றோம். ஆயினும், பழுது இன்னதென்று அறியாமுன் வெப்பக் காற்றை ஊதத் தொடங்கும் தொழிலாளரிடம் நம் கைப்பேசியை யாதோர் ஐயமுமின்றி ஒப்படைத்து விடுகின்றோம். மனித உடலுக்கென வகுத்த அம்முறை கைப்பேசியின் மதர்போர்டுக்கும் எங்ஙனம் பொருந்துகின்றது என்பதை இக்கட்டுரையிற் சுருங்கக் கூறுவோம்.

தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். விடை இரண்டு உண்டு. கைப்பேசி இன்று செல்வர்தம் அணிகலன் அன்று. கூலித் தொழிலாளியின் சம்பளச் செய்தி வருவது அதனுள். சிறு வியாபாரியின் வரவு செலவு இருப்பது அதனுள். மாணாக்கனின் தேர்வுக் குறிப்பும், மறைந்த பெற்றோரின் குரலும் கிடப்பது அதனுள். ஆதலின் அஃது இறந்துபடின் இழப்பது ஒரு பொருளை மட்டுமன்று. இரண்டாவதாக, சென்னை ரிச்சி தெரு முதற் சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக் கடை ஈறாக இத்தொழில் தமிழிலேயே பேசப்படுகின்றது. ‘ஷார்ட் அடித்திருக்கிறது’, ‘லைன் கட்’, ‘போர்டு டெட்’ என்பன அங்கு நாள்தோறும் கேட்கும் மொழிகள். பேச்சில் இவ்வளவு வளர்ந்த ஒரு தொழிலுக்கு எழுத்தில் ஒழுங்குபட்ட உரைநடை அமையாதிருத்தல் மொழிக்கும் குறை, தொழிலுக்கும் குறை. அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்ப முயல்வது எம் கடன் என்று கருதினோம்.

பலகையின் அமைப்பு

கைப்பேசியின் பின்மூடியைத் திறந்தால், பேட்டரிக்கு அருகே பச்சையாகவோ நீலமாகவோ கருமையாகவோ ஒரு சிறு பலகை தோன்றும். அதுவே மதர்போர்டு. இனி அதனைப் பலகை என்றே வழங்குவோம். மேலே பார்த்தால் ஒற்றைத் தகடு போலக் காணினும், அதனுள் எட்டு, பத்து அடுக்குகளாகச் செப்புத் தடங்கள் ஓடுகின்றன. ஓர் அடுக்கினின்று மற்றோர் அடுக்குக்குச் செல்லும் துளைகள் கண்ணுக்குப் புலப்படா அளவு நுண்ணியவை.

பலகையின்மேல் மெல்லிய உலோகக் கூடுகள் மூடியிருக்கும். அவற்றை அகற்றினால் ஐசி என வழங்கும் கரிய சதுரத் துண்டுகளும், அவற்றைச் சூழ்ந்து கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், காயில் என்னும் சிற்றுறுப்புக்களும் காணப்படும். இச்சிற்றுறுப்புக்களிற் சில 0.4 மில்லிமீட்டர் நீளமும் 0.2 மில்லிமீட்டர் அகலமுமே உடையன. கடுகும் இவற்றின் முன் பெரிதாகத் தோன்றும். பெரிய ஐசிகளுக்குப் பக்கங்களிற் கால்கள் இல்லை. அடிப்புறத்தில் வரிசை வரிசையாக அமைந்த ஈயப் பற்றுக் குண்டுகளே அவற்றின் பாதங்கள். ஒரு குண்டு பிளந்தாலும் மேலிருந்து காண்பார்க்கு அது தெரியாது. இக்காரணத்தாலேயே இத்தொழிலிற் கண்ணைவிட அளவுகருவி மிகுதியும் வேண்டப்படுகின்றது.

மின்சாரம் செல்லும் ஒழுங்கு

நம் நாட்டு ஏரிப் பாசனத்தை அறிந்தவர்க்குப் பலகையின் மின்னோட்டத்தை அறிதல் எளிது. பேட்டரி ஏரி போன்றது. அதன் அளவு ஏறத்தாழ 3.8 வோல்ட், நிரம்பியபோது 4.2 முதல் 4.4 வோல்ட் வரை. பவர் ஐசி என்பது மதகு. ஏரி நீரை வயலுக்கு வேண்டிய அளவில் அது பிரித்து விடுகின்றது. ஒரு வாய்க்காலில் 1.8 வோல்ட், மற்றொன்றில் 3 வோல்ட், மூளையாகிய சிபியூவுக்கு ஒரு வோல்ட்டினும் குறைந்த அளவு என்று பல வாய்க்கால்கள் உண்டு. இவ்வாய்க்கால்களையே தொழிலாளர் ‘லைன்’ என்கின்றனர். கெப்பாசிட்டர்கள் வாய்க்காலோரத்துச் சிறு தொட்டிகள். ஓட்டம் ஏறி இறங்காமல் அவை காக்கின்றன. பணி முடித்த மின்சாரம் திரும்பிச் சேரும் பொதுவிடம் ‘கிரவுண்ட்’ எனப்படும்.

பவர் பொத்தானை அழுத்தியவுடன் நிகழ்வன ஓர் ஒழுங்கில் நிகழ்கின்றன. முதலிற் பவர் ஐசி விழிக்கின்றது. அது லைன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றது. பின்னர்க் கடிகாரத் துடிப்பு எழுகின்றது. அதன்பின் சிபியூ இயங்கத் தொடங்கி, நினைவக ஐசியினின்று முதற் கட்டளைகளைப் படிக்கின்றது. இறுதியிலேயே திரையில் ஒளி தோன்றுகின்றது. ஆதலின், ‘போன் ஆன் ஆகவில்லை’ என்னும் ஒரே குறைக்கு இப்படிகளுள் எதுவும் காரணமாகலாம். எந்தப் படியில் நின்றது என்று காண்பதே நோயறிதல். பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்தறியாமல் அதன் முடிபைக் கூறப் புகுவார் எங்ஙனம் இடர்ப்படுவரோ, அங்ஙனமே இவ்வொழுங்கை அறியாமல் ஐசியை மாற்றப் புகுவாரும் இடர்ப்படுவர்.

பழுதுகள் எண்ணிறந்தனவாகத் தோன்றினும் பெரும்பாலும் மூன்று வகையுள் அடங்கும். வாய்க்கால் கரை உடைந்து நீர் வீணே ஓடிவிடுதல் போல, லைன் கிரவுண்டோடு கூடிவிடுதல் ஷார்ட். வாய்க்கால் தூர்ந்து நீர் வாராதொழிதல் போல, தடம் அறுபடுதல் ஓபன். மதகே கெடுதல் போல, ஐசி தன்னுள்ளே பழுதுபடுதல் மூன்றாவது.

நோயறியும் படிகள்

முதற்படி வினாவுதல். கைப்பேசி கீழே விழுந்ததா, நீர் பட்டதா, புதிய சார்ஜர் மாட்டிய பின்னர் நின்றதா, வேறு கடையில் முன்பே திறக்கப்பட்டதா என்பவற்றை உரியவரிடம் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். விழுந்த பின் நின்றதாயின் பற்று விரிசலையும், நீர்பட்ட பின் நின்றதாயின் அரிப்பையும், சார்ஜ் செய்கையில் நின்றதாயின் சார்ஜிங் பகுதியையும் முதலில் ஐயுறுதல் இயல்பு.

இரண்டாம்படி பார்த்தல். பேட்டரி இணைப்பை முதலிற் கழற்றிவிட்டு, உருப்பெருக்கியின்கீழ்ப் பலகையை நோக்கல் வேண்டும். பச்சை படர்ந்த செம்பு, கருகிய இடம், பெயர்ந்த சிற்றுறுப்பு, முன்பு எவரோ பற்றுவைத்த தடம் ஆகியன பாதி விடையை இங்கேயே தந்துவிடும். நன்றென அறிந்த வேறு பேட்டரியும் திரையும் சார்ஜிங் இணைப்பும் மாட்டிப் பார்த்தலும் இப்படியின் பாற்படும். பலகையில் நோயில்லாதபோதே பலகைக்குச் சிகிச்சை செய்தல் பெரும்பிழையாகும்.

மூன்றாம்படி மின்னோட்டத்தை அளத்தல். பேட்டரிக்கு மாறாக, அளவு காட்டும் டிசி பவர் சப்ளையை ஏறத்தாழ 4 வோல்ட்டில் வைத்துப் பலகையோடு இணைத்து, ஆம்பியர் முள்ளை நோக்குக. பொத்தானை அழுத்தாமுன்னரே மின்சாரம் பாயுமாயின், பேட்டரியை அடுத்த லைனிலோ முதன்மை லைனிலோ ஷார்ட் உண்டு. அழுத்திய அளவில் மிகுதியாகப் பாயுமாயின், பவர் ஐசி திறக்கும் உள் லைன் ஒன்றில் ஷார்ட் உண்டு. அழுத்தியும் சிறிதும் பாயாதாயின், பொத்தானின் தடமோ பவர் ஐசியோ ஐயுறத் தக்கது. சிறிதளவு பாய்ந்து அசைவின்றி ஒரே அளவில் நிற்குமாயின், மூளையும் நினைவகமும் வேலை தொடங்கவில்லை என்று கொள்ளலாம். ஏறியும் இறங்கியும் பாய்ந்து உரிய அளவை எட்டியும் படம் தோன்றாதாயின், கைப்பேசி உயிரோடுள்ளது. திரை லைனிலேயே குறை. ஒவ்வொரு மாதிரிக்கும் அளவுகள் வேறுபடுமாதலின், நலமுள்ள பலகையின் அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளும் தொழிலாளரே இப்படியில் வல்லவராவர்.

நான்காம்படி மல்டிமீட்டர். மின்சாரம் முற்றும் அகற்றிய பலகையில், மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையை ஆராயும் புள்ளியிலும் வைத்தல் வேண்டும். சாதாரண லைன்களில் 0.3 முதல் 0.7 வரை ஓர் எண் தோன்றும். சுழி தோன்றினால் ஷார்ட். ஓஎல் என்று தோன்றினால் தடம் அறுந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். சிபியூவுக்குச் செல்லும் முதன்மை லைன்கள் இயல்பாகவே மிகக் குறைந்த தடையுடையன. நலமுள்ள பலகையிலும் சில ஓம் அளவே காட்டும். இதனை ஷார்ட் என்று மயங்கி, நலமாயிருந்த மூளையைப் பெயர்த்து எடுத்தவர் உண்டு. மீட்டர் பொய் கூறாது; ஆயின் அது கூறும் எண்ணின் பொருளை அறிதற்கு ஒப்புநோக்கும் நலமுள்ள பலகையோ, ஸ்கீமேட்டிக் என்னும் வரைபடமோ இன்றியமையாதது.

ஷார்ட் உள்ள இடத்தைக் காணல்

ஒரு லைன் ஷார்ட் என்று அறிந்தபின்னும் வேலை முடியவில்லை. முதன்மை லைனில் மட்டும் பல பத்துக் கெப்பாசிட்டர்கள் ஒன்றுக்கொன்று இணையாகத் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று உள்ளே விரிசலுற்றுக் கிரவுண்டோடு கூடினாலும், மீட்டர் எல்லாவற்றிலும் சுழியையே காட்டும். குற்றவாளியைத் தனித்துக் காண்பதெங்ஙனம்?

அதற்கு வெப்பமே வழிகாட்டி. ஷார்ட்டான லைனுக்கு, அதற்குரிய வோல்ட்டினும் மிகாத சிறு அளவைப் பவர் சப்ளையினின்று நேரே ஊட்டினால், மின்சாரம் முழுதும் உடைப்பின் வழியே பாயும். 1 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாயுமாயின் 2 வாட் ஆற்றல். அவ்வாற்றலின் பெரும்பகுதி மணற்பரல் போன்ற ஓர் உறுப்பில் தங்குமாயின் அது விரைவிற் சுடும். எந்த உறுப்பு சுடுகின்றதென்று காணத் தெர்மல் கேமரா உடையார் அதனைக் கொள்வர். அஃதில்லார் சால்டரிங் அயனில் ரோசினைப் புகைத்துப் பலகைமேல் வெண்மையாகப் படியச் செய்வர். சுடும் உறுப்பின்மேல் மட்டும் அவ்வெண்மை உருகித் தெளியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவி, எவ்விடம் முதலில் உலர்கின்றதென்று பார்ப்பாரும் உண்டு. வரம்பு கடந்த வோல்ட்டை ஊட்டுவார் மட்டும் அந்த லைனில் நலமாயிருந்த ஐசிகளையும் கொன்றுவிடுவர்.

யாம் சென்ற விடுமுறையில் ஒரு சிறு கடையில் அருகிருந்து கண்ட நிகழ்ச்சியொன்றை இதற்குச் சான்றாகக் கூறுவோம். கட்டிட மேஸ்திரி ஒருவர் தம் கைப்பேசியைக் கொணர்ந்தார். வேறொரு கடையில், ‘போர்டு போய்விட்டது, முழுதும் மாற்ற வேண்டும்’ என்று சொல்லி, அவர்தம் பத்து நாட் கூலியினும் மிகுந்த தொகை கேட்டிருந்தனர். பலகையை மாற்றினால் ஆட்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கும், ஓராண்டுக்கு முன் காலஞ்சென்ற தந்தையாரின் குரற்பதிவுகளும் போய்விடும் என்பது அவருக்குப் பெருங்கவலை. ‘அண்ணே, அது இல்லாட்டி எனக்குப் போனே வேண்டாம்’ என்றார்.

கடைக்காரர் யாதொன்றும் வாக்களிக்கவில்லை. ‘பார்த்துட்டுச் சொல்றேன், உட்காருங்க’ என்றார். கேட்டதில், மலிவான சார்ஜர் ஒன்றில் இரவு முழுதும் மாட்டியிருந்தமை வெளிப்பட்டது. பவர் சப்ளையை இணைத்த அளவிலேயே, பொத்தானைத் தொடாமுன்னர், ஓர் ஆம்பியருக்கு மேல் ஓடிற்று. முதன்மை லைனில் மீட்டர் சுழியைக் காட்டியது. ரோசின் புகை படியவைத்து 1 வோல்ட் ஊட்டியபோது, பவர் ஐசிக்கு அருகே ஒரே ஒரு கெப்பாசிட்டரின் மேல் வெண்மை உருகிற்று. அதனை எடுத்தவுடன் லைனின் அளவு நலமுள்ள பலகையின் அளவோடு ஒத்தது. பழைய பலகையொன்றினின்று எடுத்த ஒத்த உறுப்பை அங்கு வைத்துப் பற்றுவைத்தார். கைப்பேசி எழுந்தது, பதிவுகளும் இருந்தன. செலவு ஒரு நாட் கூலிக்குள் அடங்கிற்று. எல்லாக் கைப்பேசியும் இவ்வாறு எளிதில் எழுமென்று யாம் கூறவில்லை. ஆயின், ‘போர்டு போய்விட்டது’ என்பது நோயின் பெயர் அன்று, நோயைத் தேடாமையின் பெயர் என்பதை அன்று உணர்ந்தோம்.

நீரால் வரும் கேடு

நீர்பட்ட கைப்பேசியை அரிசிப் பானையில் இடும் வழக்கம் நாடெங்கும் பரவியுள்ளது. நீரின் ஈரம் மட்டுமே பகையாயின் அவ்வழக்கிற் சிறிது பொருள் உண்டு. உண்மையிற் கேடு செய்வன நீரிற் கரைந்த உப்புக்களும் பேட்டரியின் மின்சாரமும் கூடிய கூட்டுறவே. இவ்விரண்டும் சேர்ந்தவிடத்துச் செம்பும் ஈயப்பற்றும் கரைந்து, ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குப் படர்ந்து, தடங்களை அரித்துவிடுகின்றன. அரிசி அவ்வுப்பை உண்ணாது. அரிசித் துகள் உள்ளே புகுந்து கேடு செய்யக்கூடுமாதலின், ஆப்பிள் நிறுவனத்தாரும் தம் உதவிக் குறிப்பில் அவ்வாறு செய்யவேண்டா என்றே எழுதியுள்ளனர்.

செய்யத் தக்கது இது: உடனே அணைத்துவிடுக, ஆன் ஆகின்றதா என்று சோதியாதிருக்க, சார்ஜ் போடாதிருக்க, விரைவில் தொழிலாளரிடம் சேர்ப்பிக்க. அவர் பேட்டரியைக் கழற்றி, உலோகக் கூடுகளைத் திறந்து, செறிந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையாலோ அல்ட்ராசோனிக் தொட்டியிலோ பலகையைக் கழுவி உலர்த்துவர். கடல்நீராயின் காலத்தாழ்வு மிகவும் கொடியது.

வெப்பத்தைக் கையாளல்

நோய் இன்னதென்று துணிந்த பின்னரே ஹாட் ஏர் கருவியை எடுத்தல் தகும். பழைய வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று, 63க்கு 37 என்னும் அளவில், 183 டிகிரி செல்சியஸில் உருகும். 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஐரோப்பாவில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்களை விலக்கும் விதி நடைமுறைக்கு வந்தபின், வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் கலந்த பற்றே பெருவழக்காயிற்று. அஃது உருகத் தொடங்குவது 217 டிகிரியில். இவ்வேற்றுமை சிறிதெனத் தோன்றினும், பலகைக்கும் பக்கத்து உறுப்புக்களுக்கும் அது பெரும் சோதனை. ஆதலின் வல்லார் பலகையைக் கீழிருந்து மெல்லச் சூடேற்றி, ஃப்ளக்ஸ் இட்டு, பக்கத்து உறுப்புக்களை வெப்பம் தாங்கும் டேப்பினால் மூடிய பின்னரே ஊதுவர். வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்து 138 டிகிரியில் உருகும் பற்றைப் பழைய பற்றோடு கலந்து, குறைந்த வெப்பத்திலேயே உறுப்பைப் பெயர்த்தலும் ஒரு நல்ல உபாயம்.

கருவி காட்டும் எண் காற்றின் வெப்பமேயன்றிப் பலகையின் வெப்பம் அன்று என்பதையும் மறத்தலாகாது. ஐசியின்கீழ்ப் பிசின் ஊற்றி உறுதிப்படுத்தியிருப்பின், பிசின் இளகாமுன் நெம்புவார் அடியிலுள்ள செப்புப் பாதங்களையும் பெயர்த்துவிடுவர். எடுத்த ஐசியின் அடியைத் தூய்மை செய்து, ஸ்டென்சில் என்னும் துளைத்தகட்டின் வழியே பற்றுப் பேஸ்ட்டைத் தேய்த்து, மீண்டும் குண்டுகள் எழச்செய்தல் ரீபால் எனப்படும். அறுந்த தடத்துக்கு மயிரிழையினும் நுண்ணிய எனாமல் கம்பியால் ஜம்பர் இட்டு, புறஊதா ஒளியில் இறுகும் பசையால் மூடுவர்.

ஒரு புகழ்பெற்ற நோய்

காரணத்தைத் தேடாத சிகிச்சை நிலையாது என்பதற்கு ஐபோன் 6 பிளஸ் நல்ல சான்று. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த இக்கைப்பேசியில், நாளடைவில், திரையின் மேற்புறம் சாம்பல் நிறப் பட்டை ஒன்று நடுங்குவதும், விரல் தொடுதலைத் திரை உணராதொழிவதும் பலர்க்கு நேர்ந்தன. திரையில் தோன்றிய குறையாதலின் பலர் திரையையே மாற்றினர். புதிய திரையிலும் அக்குறை மீண்டது. கைப்பேசியைச் சிறிது அழுத்தினாலோ முறுக்கினாலோ குறை சிறிது நேரம் மறைவதை மற்றுஞ் சிலர் கண்டனர். அழுத்தத்தில் மறையும் நோய் பிளந்த பற்றின் நோய் என்பது இத்தொழிலார் அறிந்த இலக்கணம்.

ஆராய்ந்ததில், மெலிந்த நீண்ட உடல் சட்டைப்பையிலும் கீழே வீழ்தலிலும் வளைய, பலகையும் உடன்வளைந்து, தொடுதலை உணரும் ஐசிகளின் அடிக்குண்டுகள் பிளந்தமை தெரியவந்தது. பலகை பழுதுபார்க்கும் ஜெஸ்ஸா ஜோன்ஸ் அம்மையார் முதலியோர் கண்டதை ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2016 ஆகஸ்டில் உலகறியச் செய்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனம், கடினமான தரையிற் பன்முறை விழுந்து மேலும் அழுத்தமுற்ற கருவிகளுக்கே இது நேர்கின்றதென்று கூறி, 149 டாலருக்குப் பழுதுபார்க்கும் ஏற்பாட்டை அறிவித்தது. 2018 மே மாதம் வெளிப்பட்ட அமெரிக்க நீதிமன்ற ஆவணம் ஒன்று, அந்நிறுவனத்தின் உட்சோதனைகளிலேயே ஐபோன் 6 தன் முன்னோடியாகிய ஐபோன் 5எஸ்ஸினும் 3.3 மடங்கும், 6 பிளஸ் 7.2 மடங்கும் எளிதில் வளையக்கூடியன என்று காணப்பட்டதாகவும், 2016 மே மாதத்தில் அவ்வைசியின்கீழ்ப் பிசின் இட்டு உறுதிப்படுத்தத் தொடங்கியதாகவும் காட்டிற்று.

இவ்வரலாற்றில் மூன்று படிகளையும் காணலாம். திரையை மாற்றியவர் குறியையே நோயென்று கொண்டனர். வெப்பக் காற்றை ஊதிப் பற்றை இளக்கியவர் நோயைக் கண்டும் காரணத்தை விட்டனர். பலகை மீண்டும் வளைய, நோயும் சில வாரங்களில் மீண்டது. ஐசியை எடுத்துப் புதிது வைத்து, அவ்விடம் வளையாதவாறு உறுதி செய்தவரே நோயின் முதலைத் தீர்த்தனர்.

உள்ளிருக்கும் செல்வம்

இன்னும் ஒன்று உரியவர் அனைவரும் அறிதற்பாலது. முற்காலத்திற் பலகை இறந்தாலும் நினைவக ஐசியைப் பெயர்த்தெடுத்துத் தனியே படித்தல் இயலும். இக்காலக் கைப்பேசிகளில் உள்ளிருப்பன எல்லாம் மறையெழுத்தாக மாற்றப்பட்டே எழுதப்படுகின்றன. அதன் திறவுகோல் சிபியூவோடு பிணைந்துள்ளது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதற் புதிய கைப்பேசிகள் அனைத்துக்கும் இது கட்டாயமாயிற்று; ஐபோனில் இதற்கு முன்னரே உண்டு. ஆதலின் நினைவகம் மட்டும் பிழைத்துப் பயனில்லை. அதே மூளையும் அதே நினைவகமும் ஒருங்கே பிழைத்து, பலகை ஒருமுறையேனும் எழுதல் வேண்டும். ஆராயாது ஊதிய வெப்பத்தில் மூளை இறந்தால், பின்னர் எத்துணைப் பொருள் செலவிடினும் அப்படங்களும் குரல்களும் திரும்பா.

இதனால் உரியவர் முதலிலேயே, ‘எமக்கு வேண்டியது கருவியா, உள்ளிருக்கும் பதிவுகளா’ என்று தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். தொழிலாளரும், திறக்குமுன் அபாயத்தை எடுத்துரைத்தல், தேவையின்றிக் கடவுச்சொல் கேளாமை, பிறர் படங்களை நோக்காமை, கழற்றிய உறுப்பைக் காட்டுதல், முடியாததை முடியாதென்று கூறித் தொடாமல் திருப்பித் தருதல் என்பவற்றை அறமாகக் கொள்ளல் வேண்டும். கற்கத் தொடங்கும் இளைஞர், லித்தியம் பேட்டரியைக் குத்துதலும் வளைத்தலும் தீயை வருவிக்குமென்பதை நினைவில் வைத்து, உயிரற்ற பழம்பலகைகளிலேயே முதலிற் கை பழகுதல் நன்று.

முடிவுரை

2022ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதென்றும் ஐக்கிய நாடுகள் சார்பில் வெளிவந்த அறிக்கை கூறுகின்றது. அவ்வாண்டு ஜூலையில் இந்திய அரசு, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அவ்வுரிமைக்கெனச் சட்டம் இயற்றிற்று. கைப்பேசிகளுக்கு உதிரிப் பாகங்களை விற்பனை நின்றபின் ஏழாண்டு வரை தருமாறு பணிக்கும் விதியும் 2025 ஜூன் முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது. இவை வரவேற்கத் தக்கன. எனினும் இவ்விதிகள் பெரும்பாலும் திரை, பேட்டரி போன்ற முழுப் பாகங்களையே கருதுகின்றன. மணற்பரல் போன்ற ஒரு கெப்பாசிட்டரின் பொருட்டு ஒரு பலகை முழுதும் எறியப்படாமலிருத்தற்கு, சட்டத்தோடு அறிவுள்ள கைகளும் வேண்டும்.

அக்கைகள் நம் தெருக்களில் உள்ளன. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர் பலர், உருப்பெருக்கியின்கீழ்க் குனிந்து, தாம் படித்தறியா மொழியில் எழுதிய வரைபடங்களைக் குறிகளால் மட்டும் உணர்ந்து இவ்வேலையைச் செய்கின்றனர். அவர்கள் ஒருவருக்கொருவர் வாய்மொழியாகக் கற்பிப்பதை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு மாதிரிக்கும் நலமுள்ள பலகையின் அளவுகளை அட்டவணையாக்கி, எளிய தமிழில் எழுதித் தருதல் நம்மனோர் செய்யக்கூடிய பணி. விஞ்ஞானப் பிரிவு நண்பர்கள் அளவுகளைத் தருவாராயின், சொற்களை யாம் தருவோம். கடைகளில் வழங்கும் ஷார்ட், லைன், ஜம்பர் என்னும் சொற்களை அவ்வாறே கொள்வோம். வாக்கியம் மட்டும் தெளிந்த தமிழ் வாக்கியமாக இருக்கட்டும். அங்ஙனம் ஒரு சிறு நூல் உண்டாகுமாயின், அடுத்த மேஸ்திரியின் கைப்பேசி முதற் கடையிலேயே எழுதல் கூடும்.